அடியைப் பார்த்து வாங்கு

“மாமா, ரெண்டு பொட்டியிலயும் ஷெர்மன்னுதான் போட்டிருக்கு. ஒன்னு வெல கொறைவு. அதையே எடுத்துக்கலாமா?”

கேட்டது அக்காவின் மகன். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறான். கொழும்புக் கடையொன்றில் இரண்டு பெட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கு வேண்டியது 1945இல் பர்மாவில் ஓடிய ஷெர்மன் டாங்கி, 35இல் ஒரு பங்கு அளவில். எந்தப் பெட்டியிலும் அந்த டாங்கி அப்படியே கிடைக்காது. கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டி, சிலதைப் புதிதாகச் செய்து மாற்ற வேண்டும். மொடல் செய்கிறவர்கள் இதைக் கன்வர்ஷன் என்பார்கள். அதற்கு அடியாக எந்தக் கிட்டை எடுப்பது? பிளேன்டியும் கித்துள் கருப்பட்டியும் வந்தன. பேசி முடிக்க இன்னும் இரண்டு கோப்பை தேவைப்படும் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மாற்றப்போகிற பகுதியைப் பார்த்துக் கிட் வாங்கக் கூடாது. மாற்ற முடியாத பகுதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளங்கவைப்பது சிரமம் இல்லை. நாற்றுமேடையில் விதை போட்டு வளர்த்த இறப்பர்க் கன்றில், நல்ல இன மரத்திலிருந்து எடுத்த மொட்டை வைத்து ஒட்டுகிறார்கள். மொட்டுப் பிடித்ததும் கன்றின் பழைய தலையை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். மேலே எழும்புகிற மரம் முழுவதும் ஒட்டின் இனம். வேர் மட்டும் பழைய கன்றுடையது. வெட்டி எறியப்போகிற தலை எவ்வளவு செழிப்பாக இருந்தது என்று எந்த நாற்றுமேடைக்காரரும் பார்ப்பதில்லை. வேரைத்தான் பார்ப்பார். டாங்கி மொடலில் மேலே சுழலும் டரெட், பீரங்கிக் குழல், கருவிப் பெட்டி, கொக்கி எல்லாம் ஒட்டு. உடலும் சக்கரமும் அவை நிற்கும் இடைவெளியும் வேர்.

கடையில் நிற்கும்போது கண் போவது நேர்மாறான இடத்துக்கு. பெட்டியின் மேல் வரைந்த படத்தில் பெரிதாகத் தெரிவது டரெட்டும் குழலும். அதைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த டரெட்டையே கழற்றிப் போட்டு வேறு டரெட் வைக்கிறோம். கீழே என்ன இருந்தது என்று யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆண்டு

“பர்மான்னு சொன்னாப் போதாதா மாமா?”

போதாது. எந்த ரெஜிமெண்ட், எந்த ஆண்டு, முடிந்தால் எந்த மாதம் என்பதுவரை சொல்லத் தெரிய வேண்டும். மருமகன் மனத்தில் இருந்தது மெய்க்திலாச் சண்டை. 1945 பெப்ரவரியில் ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது படை ஐராவதி ஆற்றைக் கடந்தது. 17ஆவது இந்திய டிவிஷனோடு 255ஆவது இந்திய டாங்கிப் பிரிகேட் மெய்க்திலாவை நோக்கிப் பாய்ந்து, மார்ச் மாதத் தொடக்கத்தில் நகரைப் பிடித்தது. அந்தப் பிரிகேட்டில் புரோபின்ஸ் ஹோர்ஸ், ரோயல் டெக்கான் ஹோர்ஸ் என்ற இரண்டு இந்திய ரெஜிமெண்டுகளும், கோர்டன் ஹைலண்டர்ஸ் காலாட்படையிலிருந்து டாங்கிக்கு மாற்றப்பட்ட 116ஆவது பிரித்தானிய ரெஜிமெண்டும் இருந்தன. மூன்றிடமும் ஷெர்மன்கள்.

நம்மூருக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. அந்தப் போரைப் பார்த்துக்கொண்ட தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 ஏப்ரலிலேயே பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டது. கேகாலையிலிருந்து கண்டி வீதியில் மாவனெல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏறினால் பேராதனை.

ஆண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதே டெக்கான் ஹோர்ஸ் 20 ஆண்டுக்குப் பிறகு, 1965இல் பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்கொண்டபோதும் ஷெர்மன்களில்தான் இருந்தது. ஆனால் அவற்றில் நீளமான 76 மில்லிமீற்றர்க் குழல். ரெஜிமெண்டின் பெயர் ஒன்று, டாங்கியின் பெயர் ஒன்று, செய்ய வேண்டிய மொடல் வேறு. ஆண்டைத் தீர்மானிக்காமல் கடைக்குப் போனால் கடைக்காரர் தீர்மானித்துவிடுவார்.

ஷெர்மன் ஒரு குடும்பம்

அமெரிக்கா ஏறத்தாழ 50,000 ஷெர்மன்களைச் செய்தது. பல தொழிற்சாலைகள், பல எஞ்ஜின்கள். எஞ்ஜின் தட்டுப்பாடுதான் இத்தனை வகைக்கும் முக்கிய காரணம். எந்த எஞ்ஜின் கிடைத்ததோ அதற்கு ஏற்றபடி பின்னுடலை மாற்றினார்கள். எம்4க்கும் எம்4ஏ1க்கும் விமானத்தில் போடுகிற வட்டவடிவ எஞ்ஜின். இவற்றுள் எம்4இன் மேலுடல் தகடுகளை வெல்டிங் செய்தது. எம்4ஏ1இன் மேலுடல் முழுதாக வார்த்தது, அதனால் விளிம்பெல்லாம் உருண்டிருக்கும். எம்4ஏ2க்கு இரட்டை டீசல். எம்4ஏ3க்கு ஃபோர்ட் வி8 பெற்றோல் எஞ்ஜின். எம்4ஏ4க்கு கிரைஸ்லர் கம்பனி கார் எஞ்ஜின்கள் ஐந்தை ஒன்றாகக் கோத்துச் செய்த 30 சிலிண்டர் எஞ்ஜின்.

பிரித்தானியர் இதே வரிசைக்குத் தங்கள் எண்களைப் போட்டார்கள்: எம்4 என்றால் ஷெர்மன் 1, எம்4ஏ1 என்றால் 2, இப்படியே போய் எம்4ஏ4 என்றால் ஷெர்மன் 5. மெய்க்திலாவுக்குப் போன இந்திய ரெஜிமெண்டுகளின் படங்களில் பார்ப்பது இந்த ஷெர்மன் 5. எம்4ஏ4 மொத்தம் 7,499 செய்யப்பட்டது. அமெரிக்கா தன் படைக்கு அதை அதிகம் விரும்பாமல் பெரும்பகுதியைப் பிரித்தானியருக்குக் கொடுத்தது. மாறாக எம்4ஏ3ஐத் தன் படைக்கே பெரும்பாலும் வைத்துக்கொண்டது. மருமகனின் விலை குறைந்த பெட்டியில் இருந்தது அந்த எம்4ஏ3. ஆகவே வரலாறு பார்த்தாலே அது பர்மாவுக்குப் பொருந்தாது. “மேல இருக்கிறதை மாத்திக்கலாமே?” என்றான். மேலே மாற்றலாம். கீழேதான் சிக்கல்.

8 மில்லிமீற்றர்

ஐந்து கார் எஞ்ஜின்களைக் கோத்தால் இடம் போதுமா? போதவில்லை. கிரைஸ்லர் அந்த டாங்கியின் உடலைச் சுமார் 11 அங்குலம் நீட்டியது. நீட்டிய உடலின் பாரம் சமமாக இறங்கவேண்டும் என்பதால் சக்கரங்களையும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஷெர்மனுக்கு ஒரு பக்கத்தில் மூன்று போகிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம். மற்ற வகைகளில் ஒரு போகிக்கும் அடுத்த போகிக்கும் இடையில் வெளிச்சம் குறைவு. எம்4ஏ4இல் அந்த இடைவெளி தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். போதாததற்கு, பெரிய ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடம் விட எஞ்ஜின் மேல்தளத்தில் ஒரு புடைப்பு, அடித்தகட்டில் ஒரு புடைப்பு.

இப்போது கணக்கு. 11 அங்குலம் என்றால் 279 மில்லிமீற்றர். 35ஆல் வகுத்தால் 8 மில்லிமீற்றர். 48இல் ஒரு பங்கு அளவில் அது 6 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 72இல் ஒரு பங்கில் ஏறக்குறைய 4.

8 மில்லிமீற்றர் என்பது சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. கத்தியால் வெட்டி நடுவில் ஒரு துண்டு வைத்தால் என்ன? செய்யலாம், செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்த 8 மில்லிமீற்றர் ஒரே இடத்தில் இல்லை. போகிகளுக்கு நடுவே உள்ள இரண்டு இடைவெளிகளிலும் அது பரவியிருக்கிறது. ஆகவே கீழுடலை ஒரு முறை வெட்டிப் பயனில்லை, இரண்டு முறை வெட்ட வேண்டும். இரண்டு வெட்டும் செங்குத்தாக விழ வேண்டும், ஒட்டியபிறகு உடல் முறுக்கிக்கொள்ளக் கூடாது, ஆறு போகிகளும் ஒரே மட்டத்தில் நிலத்தைத் தொட வேண்டும். மேலுடலின் பின்பாதியையும் நீட்டி, புடைப்பைச் செதுக்கி, ஓட்டைக் கம்பித் தட்டுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினும் நீள வேண்டும். விலை குறைந்த பெட்டியில் மிச்சம்பிடித்த பணம் இதற்கெல்லாம் ஈடாகாது.

செயின் என்றதும் நல்ல சோதனை ஒன்று நினைவுக்கு வருகிறது. மற்ற ஷெர்மன்களுக்கு ஒரு பக்கத்துச் செயினில் பெரும்பாலும் 79 கண்ணிகள். எம்4ஏ4க்கு 83. ஒரு கண்ணி சுமார் 6 அங்குலம். நான்கு கண்ணி கூடினால் 24 அங்குலம். அதில் பாதி மேலே, பாதி கீழே என்று பிரித்தால் 12. நீட்டிய 11 அங்குலத்தோடு கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஒரு கிட்டின் செய்முறைத் தாளில் ‘ஒரு பக்கத்துக்கு எத்தனை கண்ணி’ என்று போட்டிருக்கும். பெட்டியின் பெயர் எதுவாக இருந்தாலும், அந்த ஒரு எண் உடலின் நீளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டாஸ்கா என்ற ஜப்பானியக் கம்பனி எம்4ஏ4 உடலோடு ஷெர்மன் கிட்டுகள் செய்தது. பிறகு அவை அசுக்கா என்ற பெயரில் வந்தன. 17 இறாத்தல் பீரங்கி வைத்த ஃபயர்ஃபிளை வகையில் ‘5சி’ என்று குறித்த பெட்டியும் எம்4ஏ4 உடல்தான். டிராகனும் அதைச் செய்திருக்கிறது. ஃபயர்ஃபிளை பர்மாவுக்குப் போகவில்லை; ஆனாலும் மருமகனுக்கு அது நல்ல அடி. கழற்றிப் போட வேண்டியது நீளக் குழலையும் டரெட்டையும் மட்டும். 75 மில்லிமீற்றர் டரெட் வேறொரு ஷெர்மன் கிட்டின் மிச்சத்தில் கிடைக்கும். முன்னுடலில் ஒரு வேலை கூட இருக்கிறது: ஃபயர்ஃபிளையில் நீளமான குண்டுகளுக்கு இடம் வேண்டி முன் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துவிட்டு ஓட்டையை மூடினார்கள். அந்த இடத்தில் துப்பாக்கியைத் திரும்ப வைக்க வேண்டும். அரைநாள் வேலை. உடலை நீட்டுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

செயினில் இருந்த பால்

“செயின் எந்த மாதிரின்னு பாக்கணுமா?” பார்க்க வேண்டும், ஆனால் அதை வைத்து அடியைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. செயின் தனியாக விற்கிறது, மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ளக்கூடிய எதுவும் இரண்டாம்பட்சம்.

ஆனால் எட்டியாந்தோட்டையில் பிறந்தவன் ஷெர்மனின் செயினைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அது தொடக்கத்தில் இறப்பர்க் கட்டைகளால் ஆனது. டி41 என்ற வகை இருபுறமும் தடித்த இறப்பர். ஒருபுறம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம். சக்கரங்களின் விளிம்பிலும் இறப்பர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் கைவிட்டுப் போக, உலகத்து இயற்கை இறப்பரில் ஏறத்தாழ 90 வீதம் ஜப்பானின் பிடிக்குள் போனது. நேசநாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ஊற்று இலங்கை. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைத் தோட்டங்களில் மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பழைய மரங்களைக் கண்டபடி வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். வெட்டியவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்.

பால் போதாதபோது அமெரிக்கா டாங்கிச் செயினை இரும்புக்கு மாற்றத் தொடங்கியது. டி48 என்பது வி வடிவ மேடுள்ள இறப்பர்ச் செயின். டி54இ1 ஏறக்குறைய அதே வடிவத்தில் இரும்புச் செயின். பிளாஸ்டிக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வர்ணம் பூசும்போதுதான் வித்தியாசம் முக்கியமாகிறது. இரும்பு மேடு தரையில் உராய்ந்து மினுங்கும். இறப்பர் மினுங்காது, சாம்பல் கலந்த கருப்பாக மங்கிக் கிடக்கும். இறப்பர் மேட்டுக்கு வெள்ளி தடவிய மொடலைப் பார்த்தால், செய்தவருக்குத் தன் டாங்கியின் செயின் எதனால் ஆனது என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

பழைய கிட்டுகளில் செயின் மெல்லிய வினைல் பட்டையாக வரும். அதை வருடக்கணக்காகப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் சக்கரத்தோடு ஒட்டினாற்போல் வைத்திருந்தால், வினைலை மிருதுவாக்கக் கலந்த பொருள் கசிந்து சக்கரத்தைத் தின்னும். யாரிடமாவது பழைய கிட்டை வாங்கினால், பெட்டியைத் திறந்ததும் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைக்காரரும் இதைத்தான் செய்தார்

நம்முடைய விதி மொடல்காரர் கண்டுபிடித்த விதி இல்லை. ஷெர்மனே அதற்கு முந்திய எம்3 லீ டாங்கியின் கீழ்ப்பகுதியை எடுத்து, மேலே புது உடலும் டரெட்டும் வைத்துப் பிறந்தது. பிறகு எம்4ஏ2இன் அடியில் திறந்த டரெட் வைத்து எம்10 டாங்கி எதிர்ப்பு வண்டி வந்தது. எம்4ஏ3இன் அடியில் எம்10ஏ1. தொழிற்சாலைக்கு விலை கூடியது கீழ்ப்பகுதி: கியர், அச்சு, ஸ்பிரிங், சக்கரம். அதைத் தொடாமல் மேலே மாற்றினார்கள். மொடலிலும் அதே இடத்தில்தான் வேலை கனக்கிறது.

சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் இதைப் பார்க்கலாம். அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்த விஜயந்தா டாங்கியின் அடியை எடுத்து, டரெட்டை நீக்கி, சோவியத் 130 மில்லிமீற்றர் பீரங்கியை மேலே ஏற்றி ‘கெற்றபுல்ட்’ என்ற வண்டியை இந்தியா செய்தது. விஜயந்தாவுக்கு வயதானபின், அதே பீரங்கியை அர்ஜுன் டாங்கியின் அடியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஒட்டு அதே, வேர் வேறு.

பார்த்தால் ஒன்று, அளந்தால் வேறு

மருமகன் இப்போது கைத்தொலைபேசியில் வேறு படம் தேடினான். “மாமா, மொதல் தடவையா செய்றவனுக்கு லேசான மாற்றம் எது?”

இந்திய டி-55, 1971. இதைவிட எளிதான மாற்றம் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில் பாகிஸ்தானிடம் இருந்த சீன டைப் 59, சோவியத் டி-54இன் நகல். இந்தியாவிடமோ டி-54, டி-55. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உருவம். தன் ஆளைத் தானே சுட்டுவிடாமல் இருக்க இந்தியர்கள் தங்கள் டாங்கிகளின் குழல் நடுவில் போலியாக ஒரு உருளையைப் போட்டார்கள். மொடலில் அதைச் செய்ய ஒரு துண்டு பிளாஸ்டிக் பட்டையைக் குழலில் சுற்றி ஒட்டி, அரத்தால் தேய்த்தால் போதும். மற்றபடி உடல், சக்கரம், டரெட் எல்லாம் பெட்டியில் வருவதே.

எளிது என்பதால் அடியை மறந்துவிடக் கூடாது. டி-54, டி-55, டி-62 மூன்றையும் ஒரே குவியலில் போட்டு விற்பவர்கள் உண்டு. சக்கரம் எண்ணிப் பயனில்லை. மூன்றுக்கும் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். இடைவெளியைப் பார்க்க வேண்டும். டி-54, டி-55 இரண்டிலும் முதல் சக்கரத்துக்கும் இரண்டாம் சக்கரத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி. டி-62இல் மூன்றுக்கும் நான்குக்கும், நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். டி-62ஐ வாங்கி டி-55 ஆக்கப் பார்க்கிறவர் அச்சு ஓட்டைகளை அடைத்து, வேறிடத்தில் துளைத்து, உடலையும் குறுக்க வேண்டிவரும். டி-54க்கும் டி-55க்கும் உள்ள வித்தியாசமோ மேலே: டி-54இன் டரெட் கூரையில் காளான் வடிவக் காற்றோட்ட மூடி இருக்கும், டி-55இல் இருக்காது. அதைச் சீவிவிடலாம், அல்லது செய்து ஒட்டலாம். ஆக, டி-54இலிருந்து டி-55 செய்வது சிறு வேலை; டி-62இலிருந்து செய்வது வீண் வேலை. வித்தியாசம் மேலே இருந்தால் துணியலாம். கீழே இருந்தால் வேறு பெட்டி தேடலாம்.

பிற்காலத்தில் இந்தியா தன் டி-55களில் 105 மில்லிமீற்றர் எல்7 குழலைப் பொருத்தியது. அந்தக் குழலுக்கு நடுவில் இருக்கும் உருளை நிஜமான புகைவாங்கி. செஞ்சூரியன், லெப்பர்ட் 1 கிட்டுகளில் எல்7 குழல் வருகிறது. கடைந்த உலோகக் குழலாகவும் விற்கிறது. 1971ஆ, பிறகா என்பதைப் பொறுத்துக் குழல் மாறும், அடி மாறாது. அதனால்தான் டி-55இல் தொடங்கச் சொல்கிறேன்: ஒரே அடியில் இரண்டு மொடல்.

அடியே இல்லாத டாங்கி

விஜயந்தா செய்யலாமா என்றும் கேட்டான். ஆசை நியாயமானது, 1965இல் தொடங்கி ஆவடியில் உருண்டுவந்த டாங்கி, தமிழ்நாட்டுத் தொழிலாளர் கை பட்டது. ஆனால் முதல் வேலையாக வேண்டாம்.

விஜயந்தா பிரித்தானிய விக்கர்ஸ் கம்பனியின் வடிவம். குழல் அதே எல்7, செஞ்சூரியனில் இருப்பது. எஞ்ஜின் லேலண்ட் எல்60, சீஃப்டன் டாங்கியில் இருப்பது. இதை வாசித்தவுடன் செஞ்சூரியன் கிட்டை வாங்கி மாற்றிவிடலாம் என்று தோன்றும். கீழே பார்த்தால் அது சரிவராது. செஞ்சூரியனின் ஆறு சக்கரங்களும் இரண்டிரண்டாகச் சேர்த்து வெளிப்புறத்தில் ஸ்பிரிங்கோடு தொங்குகின்றன. விஜயந்தாவின் ஆறும் தனித்தனிக் கையில், உடலுக்குக் குறுக்கே போகிற முறுக்குக் கம்பியில் நிற்கின்றன. சக்கர எண்ணிக்கை ஒன்று. நிற்கும் விதம் வேறு. உடலின் பக்கச்சுவரும் வேறு. செஞ்சூரியனிலிருந்து எடுத்துக்கொள்ள உருப்படியாகக் குழல் ஒன்றுதான் மிஞ்சும். அடியில் பொருந்துவது எதுவும் இல்லாவிட்டால் அது கன்வர்ஷன் இல்லை, முழுவதும் புதிதாகக் கட்டுவது. வரைபடம் வைத்துத் தகடு வெட்டத் தெரிந்தபிறகு தொடலாம்.

செட்டும் செலவும்

மாற்றத்துக்கென்று ரெசினில் வார்த்த பாகங்கள் தனிச் செட்டாக விற்கின்றன. அவற்றின் மேல் ‘இன்ன கம்பனியின் இன்ன கிட்டுக்கு’ என்று எழுதியிருக்கும். அந்த வரியை விளம்பரம் என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே டாங்கியை இரண்டு கம்பனிகள் செய்தால் உடல் அகலத்தில் அரை மில்லிமீற்றர், டரெட் வளையத்தில் இன்னொரு அரை மில்லிமீற்றர் வேறுபடும். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஒரு கிட்டுக்கு அளந்து செய்த செட்டை இன்னொரு கிட்டில் வைத்தால் ஓரமெல்லாம் இடைவெளி. ஆகவே செட் வாங்குவதாக இருந்தால், முதலில் செட்டைத் தேர்ந்து, அது கேட்கிற கிட்டைப் பிறகு வாங்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இன்னொன்று: அந்த டாங்கியே முழுக் கிட்டாக வந்துவிட்டதா என்று தேடிப் பார்க்க வேண்டும். எம்3 லீயைச் சரியாகச் செய்ய ஒரு காலத்தில் பெரும் பாடுபட வேண்டியிருந்தது. டக்கோமும் மினிஆர்ட்டும் அதைப் புதிய கிட்டுகளாக வெளியிட்டபின் அந்தப் பாடு தேவையற்றுப்போனது. அடிக் கிட், ரெசின் செட், தனிச் செயின், உலோகக் குழல், தபாற்செலவு, வரி எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பார். கூட்டுத்தொகை முழுக் கிட்டின் விலையைத் தாண்டினால், மாற்றுவதில் இருக்கும் இன்பத்துக்காக மட்டும் மாற்று.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 35இல் ஒரு பங்கு என்ற விந்தையான அளவு 1961இல் டமியா கம்பனியின் பாந்தர் டாங்கியோடு வந்தது. மோட்டாரும் பற்றரியும் உள்ளே அடங்கும்படி உடலைச் செய்தபோது அமைந்த அளவு அது. அந்தக் காலத்து மோட்டார்க் கிட்டுகளின் கீழுடலில் சுவிட்சுக்கும் கம்பிக்கும் விட்ட ஓட்டைகள் இருக்கும். அவற்றை அடைத்துவிடலாம். மோட்டாருக்காக உடலையே அகலமாக்கியிருந்தால் அதை அடைக்க முடியாது. பழைய கிட்டை மலிவாகக் கண்டால், ஓட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அளவுகோலை வைத்து அகலத்தைப் பார்.

வீட்டில் இருப்பதைக் கொண்டு

வெட்டி ஒட்ட வேண்டிய தகடுக்கு வெளிநாட்டுப் பொருளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கிட் செய்த பிளாஸ்டிக் பொலிஸ்டைரீன். யோகட் கப்பின் அடியைத் திருப்பிப் பார். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அதுவும் பொலிஸ்டைரீன். மொடல் பசை இரண்டையும் உருக்கி ஒன்றாக்கும். 5 என்று இருந்தால் அது பொலிப்ரோப்பிலீன். எந்த மொடல் பசையும் பிடிக்காது, தூக்கிப் போடு. பாகங்களைக் கழற்றியபின் மிஞ்சும் சட்டத்தையும் எறியாதே. மெழுகுவர்த்திச் சுடரில் இளக்கி இழுத்தால் நூல் மாதிரி நீளும். கைப்பிடிக்கும் அன்டெனாவுக்கும் ஆகும்.

தோட்டத்தில் பால் இருக்கிறதே, அச்சு எடுக்கலாமா என்று அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அமோனியா கலந்து கெடாமல் வைத்த பாலை மெல்ல மெல்லப் பல பூச்சாகத் தடவிக் காயவிட்டு உரித்தால் அச்சுக் கிடைக்கும். ஆனால் இறப்பர் காயும்போது சுருங்கும். மண்மூட்டை, சுருட்டிய படுக்கை, கித்தான் பொதிக்கு அது போதும். அவற்றின் அளவை யாரும் அளக்கப் போவதில்லை. சக்கரத்துக்கும் டரெட்டுக்கும் வேண்டாம். மழைக்காலத்தில் லக்கர் வர்ணத்தை விசிறாமல் இருப்பதும் நல்லது. ஈரக் காற்றில் அது வெள்ளை பூத்துவிடும். வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திரு, அல்லது தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசு.

“அப்ப அந்தக் கொறைஞ்ச வெலைப் பொட்டி வீண்தானா மாமா?”

வீண் இல்லை மருமகனே. எம்4ஏ3 ஆகவே செய்தால் அது நல்ல கிட். எம்10ஏ1ஓ, அதே உடலில் 90 மில்லிமீற்றர் பீரங்கி வைத்த எம்36ஓ செய்ய நினைத்தால் அதன் அடி சரியான அடி. மெய்க்திலாவுக்கு மட்டும் அது போகாது.

கடைக்குப் போகும்போது சின்ன அளவுகோல் ஒன்றையும், நிஜ டாங்கியின் நீளம், அகலம், சக்கர இடைவெளி மூன்றையும் 35ஆல் வகுத்து எழுதிய துண்டுத் தாளையும் கொண்டுபோ. பெட்டியைத் திறந்து கீழுடலைக் காட்டச் சொல்லிக் கேள். திறக்க விடாவிட்டால் செய்முறைத் தாளின் படத்தைத் தொலைபேசியில் தேடி, செயின் கண்ணிகளை எண்ணு. 83 என்றால் வாங்கு. 79 என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் மெய்க்திலாவை மறந்துவிட்டு வாங்கு, அல்லது வாங்காமல் வா. இரண்டுக்கும் மனமில்லை என்றால் டி-55 ஒன்றை எடுத்துக்கொண்டு, குழல் நடுவில் பட்டை சுற்றப் பழகு. அது முடிவதற்குள் பெறுபேறும் வந்துவிடும்.